குமாரசாமி திருத்திய வரி

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் குமாரசாமியைத் தெரியாத தமிழர் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். ஷாப்பிங் மோலுக்குப் பக்கத்து மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் புது முகத்தைக் கண்டால் போதும், அருகில் போய் நிற்பார். இரண்டாவது நிமிடத்தில் எந்த ஊர் என்று கேட்பார். நான்காவது நிமிடத்தில் தன் தம்பி விண்வெளி வீரர் என்று சொல்லி முடித்திருப்பார். அந்தப் பாவப்பட்ட ஆள் முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி மிச்சத்தையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆல்பனியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருபது வருடமாக ஒரே கதிரையில் இருக்கிறார். அந்தக் கதிரையில் இருந்து அவர் என்ன செய்கிறார் என்று அவருடைய மனைவி மீனாட்சிக்கே தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் இந்த நாட்டில் காலம் தள்ளுகிறோம். ஆனால் குமாரசாமிக்கு அது போதவில்லை. தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒலிவாங்கி அவர் கைக்குப் போனால், ‘ஒரு விண்வெளி வீரனை உருவாக்கியவன் என்ற முறையில்’ என்றுதான் தொடங்குவார். பின்வரிசையில் இருக்கும் பெண்கள் உடனே எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார்கள்.

நான் குணவதி. யாழ்ப்பாணத்துக்காரி, ஆல்பனியில் மருந்தகம் ஒன்றில் வேலை. சனிக்கிழமை காலைகளில் கிளென்ஃபீல்ட் நூலகத்தில் ஒரு சின்ன மேசை போட்டுச் சமாதான நீதவானாக இருக்கிறேன். இங்கே ஜே.பி. என்பார்கள். பத்திரப் பிரதிகளைச் சரிபார்த்து முத்திரை குத்துவது, அஃபிடவிட் என்ற சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சியாகக் கையெழுத்து வைப்பது, இவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது. நீதவான் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, ஊரில் என் தங்கச்சி நான் ஆட்களைச் சிறைக்கு அனுப்புகிறேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். குமாரசாமியைப் பொறுத்தமட்டில் அந்த அதிகாரம் இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் மனக்குறைதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தம்பி கதிர் பொய்யில்லை. அந்த மனிதர் உண்மையாகவே பெரிய ஆள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டிக்காரர் ஒருவரின் கடைசி மகன். பதினேழு வயதில் பரீட்சை எழுதிப் பூனாவுக்குப் பக்கத்து ராணுவக் கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து விமானப்படை. போர் விமானம் ஓட்டினார். ஒருமுறை புறப்பட்ட கையோடு பருந்து ஒன்று எஞ்சினுக்குள் போய் எஞ்சின் அணைந்துவிட்டது. கீழே ஊர் இருந்தபடியால் குதித்துத் தப்பாமல் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். பிறகு புதிய விமானங்களை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் சோதனை விமானி ஆனார். பிறகுதான் விண்வெளிக்கு ஆள் எடுத்தார்கள். இருநூற்றுச் சொச்சம் விமானிகளின் பல்லையும் முள்ளந்தண்டையும் காதுக்குள்ளேயும் குடைந்து பார்த்துக் கடைசியில் ஒரு சிலரைத்தான் ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். அதில் கதிர் ஒருவர்.

இவ்வளவையும் நான் அவர் வாயால் கேட்டறிந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் பத்து நாள் லீவில் ஆக்லாந்து வந்திருந்தார். குமாரசாமி வீட்டு விருந்தில், அண்ணன் வரவேற்பறையில் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, தம்பி குசினியில் மீனாட்சிக்குக் கோப்பை கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் துடைத்தேன். பயிற்சியில் ஆளை உள்ளே வைத்துச் சுழற்றும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“உடம்பு எட்டு மடங்கு கனமாயிரும்க்கா. கன்னம் ரெண்டும் காதுப் பக்கம் போயிரும். பாக்க சகிக்காது. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேணாம்னு கேட்டுக்கிட்டேன்” என்றார்.

பனிக்காட்டில் இரண்டு இரவு விட்டுவிடுவார்களாம். கலம் பாதை மாறி எங்காவது விழுந்தால் உயிரோடு இருக்கப் பழக வேண்டுமே. பரசூட் துணியைக் கிழித்துக் கூடாரம் அடித்து, மூன்று பேர் முதுகோடு முதுகு சேர்த்துப் படுத்திருக்கிறார்கள். ரஷ்ய மொழியை ஒரு வருடத்தில் படித்து, அதிலேயே பரீட்சை எழுதி, கடைசியில் விண்வெளி வீரர் என்ற தகுதிச் சான்றிதழை வாங்கிவிட்டார். இனி ஒரு பயணத்தில் அவருக்கு இடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

குமாரசாமியின் கணக்கில் இதெல்லாம் அவர் செய்தது. பருந்து மோதிய அன்று காலையில் அவர் இங்கிருந்து போன் பண்ணி, ‘இன்னிக்கு ஜாக்கிரதையா இரு’ என்று சொன்னாராம். ரஷ்யப் பனியில் தம்பி பிழைத்தது, அவர் மோலில் வாங்கி அனுப்பிய கம்பளிக் காலுறையாலாம். அந்தக் காலுறை கதிர் கைக்குக் கிடைத்தபோது வெயில் காலம் வந்துவிட்டது என்பதை மீனாட்சி சொல்லித்தான் அறிந்தேன்.

ஆனால் இவையெல்லாம் சில்லறை. குமாரசாமியின் பெரிய கதை பள்ளிக்கூடக் கதை. கதிருக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லையாம். குழந்தை அப்போதே பேப்பர் படித்ததாம். அப்பா மண்டியில் இருந்தாராம். பதினேழு வயதுக் குமாரசாமி தம்பியின் அறிவைக் கண்டு, இவனை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்து, தலைமையாசிரியரிடம் கூட்டிப்போய், வயதை ஒரு வருடம் இரண்டு மாதம் கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிட்டாராம். “அந்த ஒரு வருஷந்தாங்க அவன ஆகாசத்துக்குத் தூக்குச்சு!” என்று முடிப்பார். இதை நான் பதினோரு பொங்கலுக்குக் கேட்டிருக்கிறேன்.

நடந்தது வேறு. நடந்ததை மீனாட்சியின் மாமியார் சாகும்வரை சிரித்துச் சிரித்துச் சொல்லுவாராம். மண்டியில் வெங்காய லோடு வந்து அப்பாவும் அம்மாவும் அங்கே போக வேண்டியிருந்ததால், வீட்டில் அழுது தொல்லை தந்த சின்னவனைக் கொண்டுபோய் எங்காவது விடு என்று பெரியவனிடம் சொன்னார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்டிருக்கிறார். பெரியவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு மட்டினி ஷோவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் வழக்கம்போலத் தாமே ஜூன் முதலாம் திகதி என்று எழுதி, ஐந்து வயது நிரம்பும்படி ஒரு வருடத்தையும் போட்டுக்கொண்டார். என் மேசைக்கு வரும் தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் மூன்றுக்கு ஒன்று ஜூன் மாதத்தில் பிறந்திருப்பதைப் பார்த்து, அந்த நாட்டில் மற்ற மாதங்களில் பிள்ளை பெறுவது குற்றமோ என்று நான் யோசித்ததுண்டு. இப்படித்தான் போலிருக்கிறது.

அந்தத் திகதி கதிரோடு நாற்பது வருடம் சும்மா கூடவே வந்தது. அது கடித்தது 2024ஆம் ஆண்டு கடைசியில். ராக்கெட் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றார்கள். பயணத்துக்கான பெயர்ப் பட்டியல் தயாரானபோது, நாற்பத்தைந்து வயது தாண்டியவர் அதில் இருக்கக் கூடாது என்ற விதி குறுக்கே வந்தது. பள்ளிச் சான்றிதழ்ப்படி கதிருக்கு நாற்பத்தைந்து முடிந்து ஐந்து மாதம். உண்மைப்படி நாற்பத்துநான்கு முடிந்து மூன்று மாதம்.

கதிர் ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்துவிட்டார். தேர்வுக்குழுவும் கல்நெஞ்சக் கூட்டம் இல்லை. பள்ளிக்கூடம் செய்த தவறு என்றால் திருத்தலாம், ஆனால் குடும்பம் தெரிந்தே பொய் வயது கொடுத்திருந்தால் திருத்த முடியாது என்று சொல்லியிருந்தார்கள். பெற்றோர் இல்லை, தலைமையாசிரியரும் இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நின்ற ஆட்களில் உயிரோடு இருப்பவர் குமாரசாமி ஒருவர்தான். அவர் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் வர வேண்டும், நியூசிலாந்து ஜே.பி. முன்னால் ஒப்பமிட்டால் போதும் என்றும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். கதிர் தானே அதை எழுதி அண்ணனுக்கு அனுப்பினார், மீனாட்சி முதலே எனக்குக் காட்டியிருந்தாள். அதில் மூன்றாவது பந்தி ஒரே வரி. ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இதுதான்: ‘எனக்குத் தம்பியின் பிறந்த திகதி தெரியாது, தலைமையாசிரியர் தாமே ஒரு திகதியை எழுதினார்.’

உண்மையான வரி. ஒரு மனிதன் இருபத்தாறு வருடம் உழைத்து எட்டிய இடம் அந்த வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நூலகம் திறந்ததும் வரச் சொல்லியிருந்தேன். ராகுகாலம் என்று சொல்லிப் பதினொரு மணிக்கு வந்தார் குமாரசாமி. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. பின்னால் மீனாட்சி, வேலையிலிருந்து நேரே வந்த களைப்போடு. வரிசையில் ஒன்பது பேர். அவர்கள் எல்லோரிடமும் தான் என்ன காரியமாக வந்திருக்கிறார் என்று சொல்லி முடித்துத்தான் என் முன்னால் அமர்ந்தார். கடதாசியை வாசித்தேன். மூன்றாவது பந்தி மாறியிருந்தது.

‘தம்பியின் அபார அறிவைச் சிறுவயதிலேயே உணர்ந்த நான், நன்கு ஆலோசித்து, அவனுடைய வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளியில் சேர்த்தேன்.’

“இதென்ன?” என்றேன்.

“கொஞ்சம் திருத்துனேன் அக்கா. அவன் எழுதுனதுல பவர் இல்ல.”

“குமாரசாமி, தம்பி அனுப்பினதை அப்படியே வைச்சால்தான் அவருக்கு உதவும். நீங்கள் தெரிஞ்சே பொய் வயசு குடுத்தது எண்டு இதில எழுதியிருக்கு. குழு இதைத்தான் ஏற்கமாட்டம் எண்டு சொன்னது.”

“நீங்க ஒண்ணுக்கா. படிச்சவங்க இருக்கிற கமிட்டி. ஒரு அண்ணன் எவ்வளவு தொலைநோக்கோட செஞ்சிருக்கான்னு பாத்தா அவங்களுக்கே புல்லரிக்கும்.”

மீனாட்சி வரிசைக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று குரலை உயர்த்தினாள். “ஏங்க, உங்களுக்குத் தேதியே தெரியாது. சினிமாவுக்கு ஓடுற அவசரத்துல புள்ளைய விட்டுட்டு வந்தீங்க. அத்தை எத்தன வாட்டி சொல்லியிருக்காங்க. அதை அப்படியே எழுதிக் குடுங்க, புண்ணியமாப் போகும்.”

குமாரசாமியின் முகம் கறுத்தது. அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சங்கத்து ஆட்கள் இருவர் நின்றார்கள். அதுதான் அவருக்குப் பெரிய விடயம்.

“எனக்குத் தெரியாதுன்னு கையெழுத்துப் போடணுமா? எனக்கு? நாளைக்குப் பேப்பர்ல வரும்டி இது. விண்வெளி வீரனோட அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வரணுமா?”

நான் மறுபடி சொன்னேன். “இதை வைச்சால் உங்கட தம்பி போகமாட்டார். விளங்குதோ உங்களுக்கு? போகவே மாட்டார்.”

“எல்லாம் புரியுதுக்கா. நீங்க சீல் மட்டும் போடுங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கிறது உங்க வேலை இல்லையே.”

சட்டப்படி அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரி. கடதாசியில் இருப்பது விளங்குகிறதா என்று கேட்பதும், ஒப்பமிடுவதைப் பார்ப்பதும்தான் என் வேலை. ஆனால் அது பொய் என்று எனக்குத் தெரியும். பொய் என்று தெரிந்தால் மறுக்கலாம். ‘போய் வேறு ஜே.பி.யைப் பாருங்கோ’ என்று சொல்லியிருந்தால், பன்னிரண்டு மணிக்கு எந்த நூலகத்திலும் ஜே.பி. மேசை மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை மீனாட்சி இரண்டு பேச்சுப் பேசி அவரை வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். நான் அதைச் செய்யவில்லை. எனக்குக் கோபம். வரிசையில் ஒன்பது பேர் நிற்கிறார்கள், என் மேசைக்கு முன்னால் ஒரு வெறும் பெருமைக்காரன் இருந்து எனக்குச் சட்டம் படிப்பிக்கிறான். போய்த் தொலை என்று நினைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினேன். பதினோரு பொங்கலுக்கும் சேர்த்துக் குத்தினேன் என்று சொல்லலாம்.

அவர் அதைக் கதிருக்குக்கூட அனுப்பவில்லை. அங்கேயே நூலகத்து இயந்திரத்தில் ஸ்கான் பண்ணி, நேரே தேர்வுக்குழுவுக்கு மின்னஞ்சல் போட்டார். கூடவே தன் கைப்பட எழுதிய ஒரு முன்னுரை. அதோடு சங்க விழாவில் தனக்குப் பொன்னாடை போர்த்தும் படம் ஒன்று. எந்த நாட்டிலாவது, எந்தக் குழுவுக்காவது, ஒரு சாட்சி தன் சத்தியக் கடதாசியோடு பொன்னாடைப் படம் அனுப்பியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த யோசனை வராது.

மூன்று வாரம் கழித்துக் கதிருக்குப் பதில் வந்தது. திகதி தவறுதலாகப் பதியப்படவில்லை, குடும்பத்தினர் நன்கு ஆலோசித்தே கொடுத்திருக்கிறார்கள் என்று சகோதரரே சத்தியம் செய்துள்ளார். ஆகவே திருத்த இடமில்லை. அந்த ‘நன்கு ஆலோசித்து’ குமாரசாமியின் சொந்தச் சொல். மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்களாம். கதிரின் பெயர் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டது. இனி அவர் தரையில் இருந்து மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்.

கதிர் தனக்கு அனுப்பிய அந்தக் கடிதத்தின் பிரதியை மீனாட்சி சாப்பாட்டு மேசையில் வைத்துக் கணவனுக்கு வாசித்துக் காட்டினாள். குமாரசாமி முழுவதும் கேட்டுவிட்டு, கமிட்டியில் நாலு எழுத்துப் படித்தவன் ஒருவனும் இல்லை என்றாராம். ரசத்தை இன்னொரு கரண்டி விடச் சொன்னாராம். அதன் பிறகு தம்பியும் அண்ணனும் ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை. கதிர் போன் எடுக்கவில்லை. ‘பிஸியா இருப்பான், ராக்கெட் வேலைல்ல’ என்று குமாரசாமி எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத்தில் விசாரித்தவர்களிடம், இளையவர்களுக்கு வழிவிடும்படி தானே தம்பிக்கு அறிவுரை சொன்னதாகச் சொல்லிவிட்டார். அதற்கும் இரண்டு பேர் கைதட்டினார்கள். அந்த இரண்டு பேரும் அன்று நூலக வரிசையில் நின்றவர்கள்.

ஜனவரியில் ஒரு நாள் மருந்தகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. கதிர். நம்பரை மீனாட்சி கொடுத்திருக்கிறாள்.

“அக்கா, வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன். ஒரே ஒரு கேள்விதான்.”

“கேளுங்கோ தம்பி.”

“அண்ணன் கையெழுத்துப் போட்டப்ப நீங்கதான முன்னாடி இருந்தீங்க. அவரு அதைப் போட்டா எனக்கு என்ன ஆகும்னு அவருக்குத் தெரியுமா? இல்ல, வெவரம் புரியாமத்தான் போட்டாரா?”

நான் இருபத்திரண்டு வருடமாக அந்த மேசையில் இருக்கிறேன். சொந்தக்காரருக்காகக்கூட ஒரு பொய்ப் பிரதியில் முத்திரை குத்தியதில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. விளங்குதோ என்று நான் கேட்டதும், எல்லாம் புரியுது என்று அந்த மனிதன் சொன்னதும், நான் ஆத்திரத்தில் முத்திரையை எடுத்ததும். அண்ணனைத் திட்டினால் என்னையும் திட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் கதிர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் அணைந்த விமானத்துக்குள்ளும் இப்படித்தான் இருந்திருப்பார் போலும். அவர் என்ன பதிலை விரும்புகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“இல்லைத் தம்பி. அவருக்கு விளங்கேல்லை. நானும் வடிவா விளங்கப்படுத்தேல்லை. என்னிலயும் பிழை இருக்கு” என்றேன்.

கடைசி வசனம் மட்டும் உண்மை.

கதிர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. “அதான பாத்தேன். தெரிஞ்சு செய்ய மாட்டாருக்கா. சின்ன வயசுலேர்ந்து அவருக்கு என்மேல அப்படியொரு இது.” பிறகு, “சரிக்கா, வெச்சிர்றேன். இன்னிக்கு அவருக்கு ஒரு போன் போட்டுர்றேன்” என்றார்.

நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அழுகை வந்தது, அதைவிட எரிச்சல் வந்தது. உண்மையை எழுத மறுத்தவனைக் காப்பாற்ற நான் பொய் சொல்லியிருக்கிறேன். தம்பிக்காகத்தான் சொன்னேன் என்று எத்தனை தரம் சமாதானம் சொல்லிப் பார்த்தாலும், அதன் பயன் போய்ச் சேர்வது குமாரசாமிக்குத்தான்.

அடுத்த நாள் மீனாட்சி மருந்தகத்துக்கு வந்தாள். தலையிடி மாத்திரை கேட்டாள். முதல்நாள் மாலை கதிரிடமிருந்து போன் வந்ததாம். நாற்பது நிமிடம் ஓடியதாம்.

“என்ன கதைச்சவை?” என்று கேட்டேன்.

“அவுங்க எங்கக்கா பேசுனாங்க? இவருதான் பேசுனாரு. கமிட்டிக்கு இன்னொரு லெட்டர் எழுதுறாராம். கவலைப்படாதே, நான் இருக்கேன்னு தம்பிக்குத் தைரியம் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

“கதிர்?”

“சரிண்ணே, சரிண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு” என்றாள் மீனாட்சி.